மூன்றாவது வீட்டாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதவரம் பக்கம் உள்ள ஒரு நாய்க் காப்பகத்துக்குப் போய் உதவி செய்வேன். அங்கே செவலை என்று ஒரு பெண் நாய். மூன்று வயது இருக்கும். காசிமேட்டில் லோடு ஆட்டோ மோதி, பின்னங்கால் உடைந்து கிடந்ததைத் தூக்கி வந்தோம். எலும்பு கூடிவிட்டது, கொஞ்சம் நொண்டும். எட்டு மாதமாக வீடு தேடுகிறேன். முதலில் வியாசர்பாடியில் ஹவுசிங் போர்டு மூன்றாவது மாடியில் ஒரு குடும்பம் எடுத்தது. படியேற மாட்டேன் என்கிறது, வீட்டுக்குள்ளேயே மூத்திரம் போகிறது என்று நாலாம் நாளே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அடுத்தது திருவொற்றியூர். அங்கே சாப்பிடும்போது பக்கத்தில் வந்த பையனைப் பார்த்து உறுமி, கையைக் கவ்வியதாம். பல் பதியவில்லை. பதினெட்டாம் நாள் திரும்பி வந்தது. இப்போது கொளத்தூரில், ரயில்வேயில் ரிட்டயர் ஆன ஒருவரும் அவர் மனைவியும் கேட்கிறார்கள். சொந்த வீடு, தரைத்தளம். அந்த அம்மா "கடிக்குமாம்மா?" என்று கேட்டார். "ஐயோ, ரொம்ப சாதும்மா" என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமைகளில் பேரன் வருவானாம், நாலு வயது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் இந்த வீடும் போய்விடும். சொல்லாமலே கொடுத்துவிடலாமா? இது வீட்டுக்கு லாயக்கில்லாத நாயா? பேசாமல் காசிமேட்டிலேயே கொண்டுபோய் விட்டுவிடட்டுமா?

(பெயர் வேண்டாம், கொருக்குப்பேட்டை)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இதைப் படித்து முடித்ததும் கொளத்தூர் அம்மாவுக்கு போன் போடுங்கள். "அன்னைக்கு நான் முழுசா சொல்லலைம்மா" என்று ஆரம்பியுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன் புளியந்தோப்பில் மீட்ட ஒரு கறுப்பு நாய்க்கு நானே முன்னின்று வீடு பார்த்தேன். பட்டாசுச் சத்தம் கேட்டால் அது மதிலையும் தாண்டிவிடும், எனக்கு அது நன்றாகத் தெரியும். பெரம்பூரில் நல்ல குடும்பம் ஒன்று கேட்டது. வீடு கைநழுவிப் போய்விடக்கூடாதே என்று அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஓடிவிட்டது. ஆறு நாள் தேடினோம். பேசின் பிரிட்ஜ் ரயில் பாதை ஓரமாக, உடைந்த சிமென்ட் குழாய்க்குள் சுருண்டு கிடந்தது. நான்கு பாதமும் தேய்ந்து உள்சதை தெரிந்தது. அந்த வீட்டம்மா என்னைத் திட்டவில்லை. "முன்னாடியே சொல்லியிருந்தா அன்னைக்கு ராத்திரி ரூமுக்குள்ள வச்சுப் பூட்டியிருப்போமே டாக்டர்" என்றார். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர்கள் நாயைத் திருப்பித் தரவும் இல்லை. விஷயம் தெரிந்ததும் அடுத்த தீபாவளிக்கு ஜன்னலை எல்லாம் அடைத்து, டிவியைச் சத்தமாக வைத்து, பக்கத்திலேயே ஒருவர் படுத்துக்கொண்டார்கள். நான் சொல்லாமல் விட்டதைச் சமாளிக்கும் திறமை அந்த வீட்டில் முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

சரி, செவலைக்கு வருவோம். இரண்டு முறை திரும்பி வந்ததை நீங்கள் நாயின் குறையாக எடுத்துக்கொண்டு மனம் உடைந்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மீட்ட நாய்களைப் பார்ப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். முதல் மூன்று நாள் பயம், வீட்டின் ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், இது நம் வீடு என்று அது நம்ப மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இது அச்சாகப் பொருந்தாது, ஆனால் நாலாம் நாளில் ஒரு நாயைப் பற்றி யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். காசிமேட்டில் பிறந்து காப்பகத்தில் இருந்த நாய்க்கு மாடிப்படி என்ன தெரியும்? கூடிய காலோடு மூன்று மாடி வேறு. காப்பகத்தின் சிமென்ட் தரையில் எட்டு மாதம் மூத்திரம் போன நாய், வீட்டுத் தரையையும் அப்படித்தான் நினைக்கும். காலையில் எழுந்ததும், சாப்பிட்டதும், தூங்கி எழுந்ததும், படுக்கப் போகும் முன்பும் ஒரே இடத்துக்குக் கூட்டிப் போய், போன கையோடு "சபாஷ்" சொல்லித் தட்டிக்கொடுத்தால் வளர்ந்த நாய்கள் சில வாரங்களில் கற்றுக்கொள்கின்றன. மூக்கைத் தரையில் தேய்ப்பது, அடிப்பது எல்லாம் வேண்டாம். அப்படிச் செய்தால் அது மனிதர் கண்ணில் படாத இடமாகத் தேடிப் போகப் பழகும், அவ்வளவுதான்.

திருவொற்றியூரில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

காப்பகத்தில் சோறு போடும் நேரத்தை நீங்கள் ஞாயிறுதோறும் பார்க்கிறீர்கள். கோழிக்கால் போட்டு வேகவைத்த சோறு தட்டுகளில் விழுகிறது, நாற்பது வாய் ஒரே நேரத்தில். நொண்டும் நாய் தன் தட்டைக் காப்பாற்றிக்கொள்ளாவிட்டால் அன்றைக்குப் பட்டினி. அதற்கு முன் காசிமேட்டில், மீன் ஏலம் முடிந்து கழிவைக் கொட்டும் இடத்திலும் இதே கதைதான். மூன்று வருடமும் இப்படியே சாப்பிட்ட நாய், ஒரு பையன் தட்டுக்குப் பக்கத்தில் வந்தால் என்ன நினைக்கும்? அடுத்த முறை அது சாப்பிடும்போது தள்ளி நின்று பாருங்கள். யாராவது கிட்டே வந்தால் முதலில் மெல்லுவது நிற்கும். உடம்பு விறைக்கும், தலை தட்டின் மேல் இன்னும் தாழும். தலையைத் திருப்பாமல் கண் மட்டும் திரும்பும், அப்போது வெள்ளை விழி ஓரமாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் உதடு தூக்கி உறுமும். உறுமலும் பலிக்காத பிறகுதான் வாய் வரும். இத்தனை படி தாண்டி, கவ்வியும் பல் பதியாமல் விட்டது என்றால், அந்த நாய் தன் வாயை அடக்கத் தெரிந்த நாய். எனக்கு இது நம்பிக்கை தரும் விஷயம்.

உறுமியதற்காக யாரும் அதை அடிக்கவோ அதட்டவோ விடாதீர்கள். உறுமல் என்பது "கிட்ட வராதே" என்று அது சொல்லும் பேச்சு. அந்தப் பேச்சை அடித்து நிறுத்தினால், அடுத்த முறை பேசாமலே கடிக்கும். என் கிளினிக்குக்கு வரும் "திடீர்னு கடிச்சிடுச்சு டாக்டர்" நாய்களில் பல, உறுமியதற்கு உதை வாங்கிய நாய்கள்.

ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பையனை அன்றைக்கு ஆஸ்பத்திரியில் காட்டினார்களா? பல் பதியாவிட்டாலும், வெறும் தோலைக் கவ்வியிருந்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, டாக்டரிடம் காட்டித்தான் ஆக வேண்டும். ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைகளில் ரேபிஸ் தடுப்பு ஊசி இலவசம். கவ்விப் பத்து நாள் தாண்டியும் செவலை நன்றாக இருந்தால், அந்தக் கவ்வலால் பையனுக்கு ரேபிஸ் பயம் இல்லை. ஆனாலும் அடுத்த வீட்டுக்கு இந்த விவரத்தை முதல் நாளே சொல்லி வையுங்கள்.

தட்டுப் பிரச்சினைக்கு வழி இருக்கிறது, அவசரம் மட்டும் கூடாது. புது வீட்டில் முதல் பத்து நாள் யாரும் தட்டுப் பக்கமே போக வேண்டாம். பின்கட்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அப்புறம் தினமும் ஒரே ஆள், ஆறேழு அடி தள்ளி நின்று, தட்டில் இருப்பதைவிட ருசியான ஒன்றை, வேகவைத்த முட்டைத் துண்டோ எலும்பு எடுத்த கோழித் துண்டோ, தட்டை நோக்கிப் போட்டுவிட்டுத் திரும்பி நடக்க வேண்டும். நிற்கக்கூடாது, பார்க்கக்கூடாது. சில நாளில் அந்த ஆள் வருவதைப் பார்த்தாலே வால் ஆடத் தொடங்கும். உடம்பு தளர்வாக இருந்தால் மட்டும் அரை அடி முன்னால் போகலாம். விறைத்தால் பழையபடி தள்ளி நிற்க வேண்டியதுதான். தட்டுக்குள் கையை விட்டுப் "பழக்குகிறேன்" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். நம் இலையில் ஒருவர் தினமும் கைவைத்தால் நமக்கு அவர் மேல் பாசமா வரும்?

பேரன் வரும் சனிக்கிழமைகளில் கதவைச் சாத்திய அறையில் சாப்பாடு. சாப்பிட்டு வெளியே வந்த பிறகு தட்டை எடுத்துவிட வேண்டும். தட்டைவிட எனக்குக் கவலை, கையில் முறுக்கோ பிஸ்கட்டோ வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றும் நாலு வயதுப் பிள்ளை. அவன் கை நாயின் மூக்கு உயரத்தில்தான் இருக்கும். தின்பண்டம் என்றால் மேஜையில் உட்கார்ந்துதான், அந்த நேரம் செவலை வேறு அறையில். பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் இல்லாமல் அந்த வயதுப் பிள்ளையை எந்த நாயோடும் விடக்கூடாது, அது எவ்வளவு நல்ல நாயாக இருந்தாலும் சரி.

இதற்கெல்லாம் முன்னால் நீங்கள் செய்ய வேண்டியது ஒரு எக்ஸ்ரே. படியேற மறுத்தது, கிட்டே வந்தால் சிடுசிடுத்தது, இரண்டுமே வலியாக இருக்கலாம். வளைந்து கூடிய எலும்பு இடுப்பு மூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். வலியை நாய் சொல்லாது, குணத்தில்தான் காட்டும். வேப்பேரியில் 1903 முதல் இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாம். ரத்தத்தில் உண்ணிக் காய்ச்சலையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலுக்கு உண்ணி வருடம் முழுக்க இருக்கிறது. ஈறு வெளுத்து, சோறு குறைந்து, சோர்ந்து கிடக்கும் நாயைப் "புது இடம், ஏங்குது" என்று விட்டுவிடுகிறார்கள், அதற்குள் தட்டணுக்கள் சரிந்துவிடுகின்றன. வலி இருந்தால் நாய்க்கான மாத்திரை இருக்கிறது. நாம் போடும் பாராசிட்டமால், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் எதையும் கொடுத்துவிட வேண்டாம், ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும்.

ஊசிப் புத்தகத்தையும் சரிபாருங்கள். ரேபிஸ் ஊசி போட்ட தேதி, பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி, கருத்தடை ஆன தேதி, பூச்சி மருந்து எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கூட்டு ஊசியில் எலிக்காய்ச்சலுக்கானது சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கும் நம் பக்கத்தில் அது கட்டாயம். சென்னை மாநகராட்சி இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கேட்கிறது, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம். இதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி, போனில் எப்படிச் சொல்வது? அழுதுகொண்டு சொல்லாதீர்கள். மன்னிப்பை ஒரு வரியோடு முடித்துக்கொள்ளுங்கள். "அம்மா, சாப்பிடும்போது யாரும் கிட்ட போனா உறுமும். ஒரு பையன் கையைக் கவ்வியிருக்கு, காயம் ஆகலை. மத்த நேரம் குழந்தைங்க பக்கத்துல படுத்துக்கும். படி ஏறாது. பேரன் வர்ற அன்னைக்கு என்ன செய்யணும்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கார், நான் நேர்ல வந்து காட்டுறேன். யோசிச்சு ரெண்டு நாள்ல சொல்லுங்க." இவ்வளவு போதும். "பாவம்மா, யாருமே இல்லை அதுக்கு" என்று மட்டும் சேர்க்காதீர்கள். இரக்கப்பட்டு எடுப்பவர்கள் முதல் தொந்தரவிலேயே, நாம் நல்லது செய்யப்போய் மாட்டிக்கொண்டோம் என்று நினைக்கத் தொடங்குகிறார்கள்.

குழந்தை பக்கத்தில் படுத்துக்கொள்ளும் என்பதை நான் எழுதிக் கொடுத்தேன் என்பதற்காகச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கண்ணால் பார்த்திருந்தால் சொல்லுங்கள்.

அவர்கள் சரி என்றால், நாயைக் கூட்டிப் போவதற்கு முன் நீங்கள் மட்டும் ஒரு முறை அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு சந்து இருக்கிறது, எங்கே படுக்க வைக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். அய்யாவிடம் பேசுவதைவிட அம்மாவிடம் அதிக நேரம் பேசுங்கள். நம் வீடுகளில் யார் ஆசைப்பட்டு நாய் வாங்கினாலும் சோறு வைப்பது, கழுவி விடுவது, மருந்து கொடுப்பது எல்லாம் வீட்டம்மா தலையில்தான் விழுகிறது. அவருக்கு அரை மனது என்றால் அந்த வீடு வேண்டாம். அப்புறம் அவர்கள் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். செவலை இன்னும் பத்து வருடம் இருக்கலாம். பெரியவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் நாயை யார் பார்ப்பார் என்ற கேள்வியை வீட்டார் நடுவில் வைத்தே கேளுங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், எனக்கு இந்த வீடு பிடித்திருக்கிறது. படி இல்லை, பகல் முழுக்க ஆள் இருக்கிறது, வாக்கிங்கில் ஓட மாட்டார்கள். நொண்டும் நாய்க்கு மெதுவாக நடக்கும் மனிதர்கள்தான் சரியான துணை.

மாட்டேன் என்றால்? வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த "மாட்டேன்" இப்போது வருவது நல்லது, பேரன் கையில் பல் பட்ட பிறகு வந்தால் செவலைக்கு அப்புறம் வீடே கிடையாது. மறுபடி தேடும்போது கூண்டுக் கம்பிக்குப் பின்னால் நிற்கும் போட்டோ வேண்டாம். காலை வெளிச்சத்தில், நீங்கள் தரையில் உட்கார்ந்து, அதன் கண் உயரத்தில் எடுங்கள். நடக்கும் வீடியோ ஒன்றும் போடுங்கள், நொண்டுவது தெரியட்டும். பெரியவர்கள் மட்டும் உள்ள தரைத்தள வீடு வேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். குறைவான பேர்தான் கூப்பிடுவார்கள், கூப்பிடுகிறவர்கள் சரியானவர்களாக இருப்பார்கள். அசோசியேஷனில் நாய்க்குத் தடை என்று யாராவது தயங்கினால், அப்படித் தடை போட குடியிருப்போர் சங்கங்களுக்கு அதிகாரம் இல்லை என்று விலங்குகள் நல வாரியம் 2015லேயே சுற்றறிக்கை அனுப்பியிருப்பதைச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதத்தை அவர் வாயாலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மணலி, மாதவரம் பக்கம் குடோன்காரர்கள் "காவலுக்கு ஒண்ணு கொடுங்க" என்று கேட்பார்கள். கொடுக்காதீர்கள். அங்கே ராத்திரி பகலாகச் சங்கிலிதான். நாயைச் சதா கட்டியே போட்டு நடக்கக்கூட விடாமல் வைப்பது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

காசிமேட்டில் விடுவதைப் பற்றி நினைக்கவே நினைக்காதீர்கள். எட்டு மாதத்தில் அந்த இடம் வேறு நாய்களுடையது ஆகிவிட்டது. ஓட முடியாத கால், லோடு ஆட்டோக்கள், ஐஸ் வண்டிகள். தெருநாயைக் கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுவது விதி, அது அங்கே வாழத் தெம்புள்ள நாய்க்கு. தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது எடுத்தவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. வீடு தாமதமானால் காப்பகத்திலேயே இருக்கட்டும், தட்டை மட்டும் இந்த வாரத்திலிருந்தே தனி இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். முட்டைத் துண்டு வேலையை நீங்களே ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்கலாம்.

கூட்டிப் போகும் நாள் பேரன் இல்லாத நாளாக, காலை நேரமாக இருக்கட்டும். இருட்டுவதற்குள் வீட்டையும் முற்றத்தையும் அது மோந்து பார்த்து முடிக்க வேண்டும். ஆட்டோவில் வாந்தி வராமல் இருக்கக் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். கழுத்துப் பெல்ட் ஒன்று, நெஞ்சில் போடும் பெல்ட் ஒன்று, இரண்டிலும் கயிறு. காணாமல் போகும் நாய்கள் அதிகமும் முதல் சில நாளில்தான் காணாமல் போகின்றன, அதிலும் ஆட்டோவிலிருந்து இறங்கும் அந்த ஒரு நிமிடத்தில். வீட்டுக்குள் போய் கேட்டைச் சாத்திய பிறகுதான் கயிற்றை விட வேண்டும். பெல்ட்டில் அவர்கள் போன் நம்பர் எழுதியிருக்கட்டும். சொந்தக்காரர்கள் வந்து பார்ப்பதெல்லாம் மூன்று வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். முதல் ராத்திரி ஊளையிட்டால், பெரியவர்கள் யாராவது அதே ஹாலில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்ளட்டும், தொட வேண்டாம், பேச வேண்டாம், மூச்சுச் சத்தம் கேட்டாலே போதும்.

காப்பகத்தில் அது படுக்கும் கோணிப்பையையும் கையோடு எடுத்துப் போங்கள். நாற்றம் அடிக்கிறது என்று அந்த அம்மா துவைக்கப் பார்ப்பார். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.